வாக்கர் ஏரிக்கு நீர் வாங்குகிறார்கள்

கேள்வி: அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் உள்ள வாக்கர் ஏரி, மேலே ஆற்று நீரைப் பாசனத்துக்குத் திருப்புவதால் வற்றி வருகிறதாமே? நீதிமன்றம் உத்தரவிட்டு நீரைத் திறந்துவிடச் செய்ய முடியாதா?

பதில்: முயன்று பார்த்தார்கள். நீர்நிலைகள் பொதுமக்களுக்கு உரியவை, அரசு அவற்றின் அறங்காவலர் மட்டுமே என்ற கோட்பாட்டை முன்வைத்து, ஏரி அமைந்துள்ள மினரல் மாவட்டம் வழக்காடியது. பக்கத்து மாநிலமான கலிஃபோர்னியாவில் மோனோ ஏரிக்கு 1983-இல் கைகொடுத்தது இதே கோட்பாடுதான். ஆனால் நெவாடா உச்ச நீதிமன்றம் 2020-இல், கோட்பாடு பொருந்தும் என்று ஏற்றுக்கொண்டபோதிலும், ஏற்கெனவே தீர்ப்பால் உறுதியான பாசன உரிமைகளை எடுத்து மறுபங்கீடு செய்ய அது இடமளிக்காது என்று கூறிவிட்டது.

அங்கெல்லாம் ஆற்று நீரை முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை. விவசாயிகள் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே இருந்த ஏரிக்கு அந்த வரிசையில் இடமில்லை என்பது வேடிக்கையான நியாயம்தான். சியரா நெவாடா மலையின் பனி உருகி வரும் வாக்கர் ஆறு, ஸ்மித், மேசன் பள்ளத்தாக்குகளில் குதிரைமசால் போன்ற தீவனப் பயிர்களுக்குப் பாய்ந்த பிறகு மிஞ்சுவதே ஏரியைச் சேர்கிறது. 1882-க்குப் பின் நீர்மட்டம் 150 அடிக்கு மேல் இறங்கிவிட்டது. வடிகால் இல்லாத ஏரியாதலால் நீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தங்கிச் செறிந்தது. பையூட் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக உண்டு வாழ்ந்த ட்ரௌட் மீன் ஏரியிலிருந்து அற்றுப்போனது. மீன் குறைந்ததால் லூன் பறவைகளின் வரவும் குறைந்தது. அவற்றுக்காகக் கரையோர ஹாதோர்ன் ஊரில் நடந்துவந்த திருவிழாவும் நின்றது.

ஆகவே, எஞ்சிய வழி விலைக்கு வாங்குவது. 2014-இல் தொடங்கப்பட்ட வாக்கர் படுகைப் பாதுகாப்பு அமைப்பு, கூட்டாட்சி அரசின் நிதியைக் கொண்டு, மனமுவந்து விற்கும் விவசாயிகளிடமிருந்து நீர் உரிமைகளை அவற்றின் மூப்பு வரிசையோடு பெறுகிறது. பணம் கொடுத்ததும் நீர் வந்துவிடாது. அதை வாய்க்காலில் திருப்பாமல் ஆற்றிலேயே ஓடவிடுவதற்கு மாநில நீர் அதிகாரியின் ஒப்புதலும் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். பாசனம் நின்ற வயல்களைச் சும்மா விட்டால் களையும் புழுதியும்தான் மிஞ்சும் என்பதால், அங்கே பாலைவனத்துக்குரிய செடிகளையும் வளர்க்க வேண்டியிருக்கிறது. மெதுவான வழியே, ஆனாலும் விவசாயியைப் பகைக்காத இந்த வழியே நிலைக்கும் என்பது என் கருத்து. 2017, 2023 போன்ற பெரும்பனி ஆண்டுகளில் மட்டம் தானாகவே உயர்ந்தது. வறண்ட ஆண்டுகளில் வாங்கிய நீர்தான் துணை. கரைந்த உப்பை லிட்டருக்கு 12 கிராம் அளவுக்குக் குறைப்பது இலக்கு. ட்ரௌட் மீனை மீண்டும் விடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.