வாசகர் கேள்வி – பதில்: போர்க்கால பிரிட்டனில் பெண்களின் உழைப்பு

கேள்வி: இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் பெண்கள் தாங்களாகவே வேலைக்கு முன்வந்தார்களா, அல்லது அரசு கட்டாயப்படுத்தியதா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: இரண்டும் நடந்தன. 1939 ஜூனில் லேடி டென்மன் தலைமையில் மீண்டும் தொடங்கப்பட்ட மகளிர் நிலப்படையில் (போருக்குச் சென்ற ஆண்களுக்குப் பதிலாகப் பண்ணை வேலை செய்த பெண்களின் அமைப்பு) முதலில் சேர்ந்தவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்களே. அப்படையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் லண்டனிலும் வடக்கு இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலும் வளர்ந்தவர்கள். ஆயினும் படைக்கருவி ஆலைகளுக்கு ஆள் போதவில்லை. ஆகவே தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் 1941இல் பெண்களையும் வேலைக்குப் பதிவு செய்ய வைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில், 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களையும் குழந்தையில்லாத கைம்பெண்களையும் கட்டாயச் சேவைக்கு அழைக்கும் சட்டம் நிறைவேறியது. ராணுவத்தின் மகளிர் துணைப்படை, குடிமைப் பாதுகாப்பு, தொழிற்சாலை ஆகியவற்றில் ஒன்றை அவர்கள் தேர்ந்துகொள்ளலாம். எழுத்துமூலம் இசைவு தராத பெண்ணிடம் கொலைக்கருவியை இயக்கும் வேலையை ஒப்படைக்கக் கூடாது.

கேள்வி: சட்டம் போட்டு அழைத்த அரசு, ஆண்களுக்கு இணையான கூலியைக் கொடுத்ததா? (வாசகர், ஈரோடு)

பதில்: கொடுக்கவில்லை. கடமையில் ஆண்பெண் வேறுபாடு பாராத அரசு கூலியில் மட்டும் அதைப் பார்த்தது என்பதே இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துகிற பகுதி. பொறியியல் தொழிலில் 1940இல் தொழிற்சங்கமும் முதலாளிகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆண் செய்துவந்த வேலையை ஏற்கும் பெண், 32 வாரங்கள் கழிந்த பின், கூடுதல் மேற்பார்வையோ உதவியோ இன்றி அதைச் செய்தால் முழுக் கூலி பெறலாம். இதைக் கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இயந்திரத்தைப் பொருத்தித் தர ஓர் ஆண் வந்து போனாலே 'உதவி பெற்றாள்' என்று கணக்கு எழுதிவிட முடிந்ததாலும், வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து 'இது பெண்கள் வேலை' என்று பெயரிட்டுவிட முடிந்ததாலும், பெரும்பாலான பெண்களுக்கு அந்த முழுக் கூலி எட்டவே இல்லை. கிளாஸ்கோவுக்கு அருகே ஹில்லிங்டனில் விமான எஞ்சின் செய்த ரோல்ஸ் ராய்ஸ் ஆலையில், இந்தப் பாகுபாட்டை எதிர்த்து 1943இல் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; ஆண் தொழிலாளர்களும் அவர்களுடன் வெளியேறினார்கள். செய்பவர் யார் என்று பாராமல், இயந்திரத்தையும் வேலையையும் கொண்டு கூலியைத் தரம்பிரிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை அவர்கள் வென்றெடுத்தார்கள்.

கூலியைவிடக் கொடுமையானது இழப்பீடு. குண்டுவீச்சில் காயமடைந்த குடிமக்களுக்கு வழங்கிய உதவித்தொகையில், பெண்ணுக்கு ஆணைவிட வாரத்துக்கு 7 ஷில்லிங் குறைவு. இழந்த கைக்கும் காலுக்கும் இரண்டு விலையா என்று மேவிஸ் டேட், எடித் சம்மர்ஸ்கில் முதலிய பெண் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாட்டை மறந்து போராடிய பிறகே, 1943 ஏப்ரலில் அது சமமாக்கப்பட்டது. 1944 மார்ச்சில் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் கோரிய சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் 117க்கு 116 என்ற கணக்கில் ஒரே வாக்கில் வென்றது. சர்ச்சில் அதைத் தம் அரசின் மீதான நம்பிக்கைப் பிரச்சினையாக்கி, இரண்டே நாளில் கவிழ்த்தார். போருக்குப் பிந்தைய சலுகைகளில் நிலப்படைப் பெண்களைச் சேர்க்க அரசு மறுத்ததால், லேடி டென்மன் 1945இல் பதவி விலகினார்.

கேள்வி: வேலைக்குச் செல்லாமல் வீட்டிலிருந்த பெண்களின் பங்கு எத்தகையது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அதற்குக் கூலிப் பட்டியல் இல்லாததால் அளப்பது கடினம், ஆனால் அது சிறியதன்று. 1939 செப்டம்பரின் முதல் நாட்களில், குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். ஒரு குழந்தைக்கு வாரம் பத்தரை ஷில்லிங் என்ற தொகையைப் பெற்றுக்கொண்டு, அறிமுகமே இல்லாத பிள்ளைகளுக்குச் சோறிட்டவர்கள் கிராமத்து இல்லத்தரசிகள். லேடி ரீடிங் 1938இல் தொடங்கிய மகளிர் தன்னார்வச் சேவையில் பத்து லட்சம் பேர் வரை இருந்தார்கள். இடிபாடுகளுக்கு நடுவே தேநீரும் உணவும் வழங்கச் சென்ற அவ்வமைப்பினரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் குண்டுவீச்சில் உயிரிழந்தார்கள். (1940 ஜூலை முதல் அந்தத் தேயிலையும் பங்கீட்டுக்குள் வந்தது: ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். அதில் ஒரு பகுதியை இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்துத் தந்தவர்கள் நம் தமிழ்ப் பெண்கள் என்பதை பிரிட்டனின் போர் வரலாறுகள் போதிய அளவு பேசுவதில்லை.)

வெண்ணெய், சர்க்கரை, பன்றியிறைச்சி ஆகியவற்றுக்கு 1940 ஜனவரி 8 அன்று தொடங்கிய பங்கீடு, இறைச்சி, பாலாடைக்கட்டி, துணி என்று விரிந்தது. ஆலையில் இரவு முறை முடித்த பெண்ணும் கடை வாசலில் வரிசையில் நின்றாக வேண்டியிருந்தது. 1945இல் சமாதானம் வந்தும் அந்த வரிசை கலையவில்லை. போர்க்காலத்தில்கூடக் கட்டுப்பாடின்றிக் கிடைத்த ரொட்டி, 1946 முதல் இரண்டு ஆண்டுகள் அட்டைக்குத்தான் கிடைத்தது. இறைச்சிக்கான பங்கீடு முடிவுக்கு வந்தது 1954 ஜூலையில்தான்.