தும்பாவும் இடிந்தகரையும்

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் பள்ளியில் அக்டோபர் 15 அன்று அப்துல் கலாம் பிறந்தநாள் விழா. பேனரில் ‘அணு விஞ்ஞானி’ என்று போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் கூடங்குளம் அணு உலைக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரைக்குச் சித்தி வீட்டுக்குப் போனேன். விழாவைப் பற்றிச் சொன்னதும், “நல்ல மனுசன்தான். ஆனா நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கலியேல” என்றார். கலாம் உண்மையில் என்ன படித்தவர்? அவர் விட்டுப்போனதில் எது நிற்கும்?

ஓர் ஆசிரியர், வள்ளியூர்

அன்புள்ள தம்பி,

முதலில் பேனரைத் திருத்துங்கள். கலாம் அணு விஞ்ஞானி இல்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல். 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனையின்போது அவர் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்குத் தலைவர். குண்டின் உள்ளே இருந்த இயற்பியல் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காரர்களுடையது. நம் பக்கத்தில் மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் சோதனை மையத்தையும் அவர் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. அங்கே சோதிப்பது திரவ எரிபொருள் எஞ்சின்களை. செயற்கைக்கோளை ஏவக் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் நான்கு அடுக்கும் திட எரிபொருள். 1982இல் அவர் இஸ்ரோவை விட்டு ஏவுகணைப் பக்கம் போய்விட்டார்.

அவர் கைத்தொழிலே வேறு. நூறு இடத்தில் நூறு பேர் செய்யும் உறுப்புகளைப் பொருத்தி, குறித்த நாளில் கிளம்ப வைப்பது. கல்யாண வீட்டில் பந்தல்காரர், தவசுப்பிள்ளை, மேளக்காரர் எல்லோரையும் முகூர்த்தத்துக்குள் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தும் பெரியப்பா ஒருவர் இருப்பாரே, அந்த மாதிரி. இதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பெரியப்பா இல்லாவிட்டால் தாலி கட்டு நடக்காது.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்ததையும், இஸ்ரோ தலைவராக இருந்த சதீஷ் தவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதையும் எல்லா மேடையிலும் சொல்வார்கள். எனக்கு அதற்குச் சற்று முன் நடந்ததுதான் முக்கியம். ஏவுவதற்கு முன் கணினி ‘நிறுத்து’ என்றது. ஒரு கசிவு. பக்கத்தில் இருந்த நிபுணர்கள் பரவாயில்லை என்றார்கள். கலாம் கணினியை மீறி ஏவச் சொன்னார். இரண்டாம் அடுக்கு தறிகெட்டுப் போனது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது யாரோ எதிரி இல்லை, அவரேதான் பிற்பாடு ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அவர் குணத்துக்கு எனக்கு இந்த ஒரு சாட்சி போதும்.

ஜனாதிபதியாக அவர் செய்தவற்றில் அதிகம் நிற்காது என்பது என் எண்ணம். 2005இல் மாஸ்கோவில் இருந்தபடி பிகார் சட்டசபைக் கலைப்புக்குக் கையெழுத்துப் போட்டார். அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த வருஷம், எம்.பி.க்கள் சில அரசுப் பதவிகளையும் கூடவே வகிக்க வழிவிடும் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதை அப்படியே மறுபடி நிறைவேற்றியது, கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. நகர வசதியைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் ‘புரா’ திட்டம் சில முன்னோட்டங்களோடு சரி.

இனி சித்தி சொன்னதற்கு வருகிறேன். 2011 நவம்பர் 6 அன்று கலாம் கூடங்குளத்துக்கு வந்தார். அணு உலையைச் சுற்றிப் பார்த்தார், பாதுகாப்பானது என்றார். கூடவே 200 கோடி ரூபாயில் பத்து அம்சத் திட்டம் ஒன்றைச் சொன்னார். நான்குவழிச் சாலை, ஆஸ்பத்திரி, மீனுக்குக் குளிர்பதனக் கிடங்கு. பார்த்தால் அதே புராதான். பொறியாளராக அவர் சொன்னது தப்பில்லை என்றே நான் நினைக்கிறேன். மின்சாரம் போனாலும் தானாகவே வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு அந்த உலையில் உண்டு, உருகி வழிந்தால் ஏந்திக்கொள்ளும் தொட்டியும் உண்டு. ஆனால் உலை வேண்டாம் என்று இடிந்தகரை லூர்து மாதா கோவில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டதில் பாதி உலையைப் பற்றியதே இல்லை. “நிபுணர்கள் பரவாயில்லை என்கிறார்கள், சரி, எங்களைக் கேட்டது யார்?” என்பது அது.

இதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தும்பாவும் மீனவர் ஊர்தான். அங்கே ராக்கெட் தளத்துக்கு மகதலேன் மரியாள் கோவில் நிலம் வேண்டியிருந்தது. விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேராவிடம் போனார். பிஷப் ஞாயிற்றுக்கிழமை பூசையில் சபையாரிடமே விஷயத்தை வைத்தார். ஜனங்கள் சம்மதித்தார்கள். கோவில் அலுவலகமானது, பிஷப் வீடு பட்டறையானது. 1963இல் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியபோது கலாம் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இந்தக் கதையை நெகிழ்ந்து நெகிழ்ந்து சொன்னவரும் அவர்தான். சொல்லிச் சொல்லி மெருகேறியிருக்கலாம், அதற்கென்ன. பூசை முடிந்து ஜனங்களைக் கேட்டதுதான் அதில் உயிர்.

கூடங்குளத்துக்கு 1988இல் கையெழுத்துப் போட்டவர்கள் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும். அதற்குக் கலாம் பொறுப்பில்லை. ஆனால் 2011இல் இந்தக் கடற்கரைக்கு வந்தபோது, சாலையையும் கிடங்கையும் கொண்டுவந்தவர் தும்பாக் கதையையும் கொண்டுவந்திருக்கலாம்.

அடுத்த முறை போகும்போது சித்தியிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பேனரில் ‘விமானப் பொறியாளர்’ என்று போட்டால் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போய்விடாது.