வேர் பிடுங்கிய ஊர்கள்: வாசகர் கேள்வி பதில்

மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறாள். காட்டை ஒட்டிய 'வ்யூர்ட்ஸ்பாக்' என்ற ஊரில் வீடு என்கிறாள். ஆனால் முகவரியில் 'ஓபர்ரைஹென்பாக்' என்று இருக்கிறது. மேப்பில் தேடினால் வேறெங்கோ ஒரு நகரம் வருகிறது. பார்சலை எந்தப் பெயருக்கு அனுப்புவது?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

இரண்டு பெயரும் சரிதான். வ்யூர்ட்ஸ்பாக் ஊரின் பெயர்; ஓபர்ரைஹென்பாக் அது சேர்ந்திருக்கும் ஊராட்சியின் பெயர். இகெல்ஸ்லோக், ஓபர்கோல்பாக் என்ற ஊர்களும் அதே ஊராட்சியில்தான் வருகின்றன. பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் சின்ன ஊராட்சிகளை ஒன்றாக இணைக்கும் வேலை 1975 ஜனவரி 1-ல் நிறைவடைந்தது. அப்படி இணைந்த ஊர்களுக்குப் பெயர்ப்பலகை இன்னும் உண்டு. பின்கோடுக்குப் பக்கத்தில் மட்டும் இடமில்லை.

எனவே பார்சலில் முதலில் மகளின் பெயரை எழுதுங்கள். அடுத்த வரியில் வ்யூர்ட்ஸ்பாக், அதற்குக் கீழே தெருவும் கதவு எண்ணும், கடைசியில் ஐந்து இலக்கப் பின்கோடும் ஓபர்ரைஹென்பாக்கும். தெருவின் பெயர் வந்த பிறகுதான் கதவு எண் வரவேண்டும். நம் வழக்கப்படி எண்ணை முன்னால் போடாதீர்கள். நான்கு இலக்கத்தில் பின்கோடு கிடைத்தால் அது 1993 ஜூலைக்கு முந்தையது, இப்போது செல்லாது.

மேப் உங்களை ஏமாற்றியதற்குக் காரணம் இரண்டு புள்ளிகள். 'வ்யூர்ட்ஸ்பாக்' என்பதில் வரும் 'யு' எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி உண்டு. அதை விட்டுவிட்டுத் தட்டினால் துரிங்கியா மாநிலத்தில் உள்ள 'வுர்ட்ஸ்பாக்' என்ற ஊர் வந்து நிற்கும். அது நேர்க்கோட்டிலேயே சுமார் 280 கிலோமீட்டர் தள்ளி. கீபோர்டில் புள்ளி இல்லையென்றால் 'யு'வுக்கு (u) அடுத்து ஒரு 'இ' (e) சேர்த்துத் தட்டுங்கள். ஜெர்மன்காரர்களே அப்படித்தான் செய்வார்கள். கூடவே மாவட்டத்தின் பெயரையும் போடுங்கள்: கல்ஃப். எழுத்தில் 'டபிள்யூ'வில் முடியும், வாயில் 'ஃப்' என்றுதான் வரும்.

கல்ஃப் நகரம் நாகோல்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அதற்கு மேற்கே, நாகோல்டுக்கும் என்ஸ் ஆற்றுக்கும் நடுவே உள்ள மேட்டு நிலத்தில், வடக்குக் கருங்காட்டில் (பிளாக் ஃபாரஸ்ட்) உங்கள் மகளின் ஊர். இந்தப் பக்கத்துக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு. மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட் இந்தியாவிலிருந்து திரும்பிய பின் கல்ஃபில்தான் வாழ்ந்தார். 1893-ல் அங்கேயே காலமானார்.

சாட்டிலைட் படத்தில் இந்த ஊர்களைப் பார்த்தால் நிலமெல்லாம் ரிப்பன் மாதிரி நீளநீளமாக இருக்கிறதே, ஏன்?
– வாசகர், ஜெயநகர், பெங்களூரு

காட்டை வெட்டி ஊர் உண்டாக்கிய முறை அது. இந்த மேட்டில் ஏறக்குறைய 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் நடந்தது. முதலில் ஒரு பாதை. பாதையோரம் இடம்விட்டு இடம்விட்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் கொல்லையிலிருந்து ஒரே பட்டையாக நிலம்: முதலில் பழமரங்கள், அப்புறம் வயல், பிறகு மேய்ச்சல், கடைசியில் வெட்டாத காடு. பட்டைக்கு 'ஹூஃபெ' என்று பெயர். ஊருக்கு 'வால்ட்ஹூஃபன்டோர்ஃப்', அதாவது காட்டுப்பட்டை ஊர்.

அளவு இடத்துக்கு இடம் மாறும். சாக்சனி பக்கத்து ஹூஃபெ ஏறக்குறைய 24 ஹெக்டேர். 100 மீட்டர் அகலமென்றால் நீளம் 2.4 கிலோமீட்டர். நம் லால்பாக்கின் 240 ஏக்கரை நான்கு குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு வருவது அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டின் அருமை இதுதான்: தன் நிலத்துக்குப் போக அடுத்தவன் வயலை மிதிக்க வேண்டாம். ஆள்பலம் இருக்கிறவன் கொல்லைக்கோடியில் இன்னும் கொஞ்சம் காட்டை வெட்டிக்கொள்ளலாம், எல்லைத் தகராறு வராது. பிள்ளைகளுக்கு நீளவாக்கில் பங்கு போட்ட இடங்களில்தான் இந்த முறை சறுக்கியது. இரண்டு தலைமுறையில் ஏர் திருப்பக்கூட அகலம் பத்தாது. நிலம் ஒரே வாரிசுக்குப் போன ஊர்களில்தான் பழைய அகலம் நிலைத்தது. மண்ணும் தாராளமானதல்ல, அடியில் சிவப்பு மணற்பாறை, மேலே அமிலத்தன்மை கொண்ட மணல். ரை தானியமும் ஓட்ஸும் போட்டு மிச்சத்தை மரத்தில் சம்பாதித்தார்கள். நெடிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி என்ஸ், நாகோல்ட் வழியாக நெக்கருக்கும், அங்கிருந்து ரைனில் ஹாலந்து வரைக்கும் விட்டார்கள்.

காட்டை எப்படி அழித்தார்கள் என்பதை ஊர்ப்பெயரின் வாலே சொல்லும். 'ரோடெ', 'ரொய்ட்' என்று முடிந்தால் வேரோடு பிடுங்கிய இடம். 'பிராண்ட்' என்றால் எரித்தது. 'ஷ்வாண்ட்' என்றால் அடிமரத்தில் பட்டையை வளையமாக உரித்து, நின்றபடியே காயவைத்தது. ஆள் குறைவான இடத்துக்கு ஏற்ற வழி. நம் 'காடுவெட்டி' போலத்தான்.

தாத்தா வைத்திருந்த 1911-ஆம் வருட ஜெர்மன் மிஷனரி கடிதத்தில் ஒரு குக்கிராமத்தின் பெயர் இருக்கிறது. எந்த மேப்பிலும் இல்லை.
– வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

முதலில் பெயரைச் சரியாகப் படித்தீர்களா என்று பாருங்கள். அந்தக் காலத்துக் 'குர்ரென்ட்' கையெழுத்தில் 'இ' (e) எழுத்து 'என்' (n) மாதிரியே இருக்கும். 'யு'வுக்கு மேல் ஒரு சின்னக் கொக்கி போட்டிருப்பார்கள். கொக்கியைப் புள்ளியென்று எண்ணினால் பெயரே மாறிவிடும். ஐயமுள்ள எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்றுகளை எழுதிவைத்து ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

தேட வேண்டிய இடம் 1912-13-ல் வெளியான மையர் ஊரகராதி, இணையத்தில் இலவசம். ஜெர்மன் பேரரசு காலத்துக் குக்கிராமங்கள்கூட அதில் உண்டு. ஊர் எந்த மாவட்டம், தபால் எங்கே, அந்த ஊரிலேயே கோயில் (தேவாலயம்) இருந்ததா என்பதைச் சொல்லும். எந்த ஊர்க் கோயிலைச் சேர்ந்தது என்று தெரிந்தால் போதும்: குக்கிராமத்தாரின் ஞானஸ்நானமும் கல்யாணமும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும். புராட்டஸ்டண்ட் சபையின் ஏடுகளை 'ஆர்கியோன்' தளத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். கத்தோலிக்க ஏடுகள் பல 'மட்ரிகுலா'வில் இலவசம். மையரில் கிழக்கு மாகாணம் என்று வந்தால், 1945-க்குப் பிறகு அந்த ஊர் போலந்துப் பெயரில் இருக்கக்கூடும்.