வாசகர் கேள்வி–பதில்: பழைய சீவாளி ஒன்று கொண்டு வரச் சொல்லுங்கள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளியாட்களை அழைத்து வருவது, வெளியே கூட்டிப் போவது, கைவேலை கற்றுத் தருவது பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சில இந்த இதழில். பள்ளிகளில் இவற்றை நடத்திவரும் எங்கள் கல்விக் குழுவினர் பதில் தருகிறார்கள்.

எங்கள் ஊர் நாகசுரக் கலைஞர் ஒருவரை நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு அழைக்க நினைக்கிறோம். போன முறை வேறொருவர் வந்து ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைகள் பாதியில் தூங்கிவிட்டார்கள். இந்த முறை எப்படி நடத்தலாம்?
– தலைமை ஆசிரியை, ஒன்றியத் தொடக்கப் பள்ளி, திருவிடைமருதூர் வட்டம்

பேச அழைக்காதீர்கள், செய்து காட்ட அழையுங்கள். "உங்கள் கலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மைக்கைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் சொற்பொழிவுதான் வரும். "கருவியைப் பிரித்துக் காட்டிவிட்டு மறுபடி பூட்டி ஒரு கீர்த்தனை வாசியுங்கள், போதும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மொத்தம் நாற்பது நிமிடம். அதில் அவர் தொடர்ந்து பேசுவது பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

வகுப்பறைக்குள் வேண்டாம். திறந்த வெளிக்கும் வீதியுலாவுக்கும் ஏற்ற ஓசை அது. நான்கு சுவருக்குள் வாசித்தால் சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள், அப்புறம் எதுவும் ஏறாது. மரத்தடியில் அரைவட்டமாக உட்கார வையுங்கள். முதல் வரிசைக்கும் அவருக்கும் நாலைந்து தப்படி இருக்கட்டும்.

அவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டிய ஒன்று உண்டு. தூக்கிப்போட வைத்திருக்கும் பழைய சீவாளி (நாகசுரத்தின் மேல்முனையில் செருகி ஊதும் பகுதி) ஒன்றிரண்டு கொண்டு வரச் சொல்லுங்கள். வாசிக்கும் சீவாளி வாயில் வைப்பது, அதைக் கை மாற்றிக் கை கொடுக்க முடியாது. பழையது என்றால் ஒவ்வொரு பிள்ளையும் விரலால் தொட்டுப் பார்க்கலாம். நாணல் தட்டையின் இரண்டு மெல்லிய இதழ்கள், நடுவே தலைமுடி அளவுக்கு இடைவெளி. வாசிக்கத் தொடங்குமுன் கலைஞர் அதை வாயில் வைத்து ஈரப்படுத்துவார். அந்த இடத்தில் நிறுத்தி, "ஏன் நனைக்கிறார்?" என்று கேளுங்கள். காய்ந்த இதழ் விறைப்பாக இருக்கும், அதிராது. நனைந்தால்தான் இளகி அதிரும். பிள்ளைகளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து துளைகளை எண்ணச் சொல்லுங்கள். பாதிப் பேர் ஏழு என்பார்கள், பாதிப் பேர் பன்னிரண்டு என்பார்கள். இரண்டும் சரி. விரல் வைத்து வாசிக்க ஏழு. கீழ்ப்பக்கம் இருக்கும் ஐந்து, மெழுகு அடைத்துச் சுருதியைச் சரிசெய்ய. உலவு (நீண்ட குழல்) எந்த மரம், அணசு (அடியில் விரிந்த வாய்) எங்கே பூட்டுகிறது என்பதையெல்லாம் அவரே காட்டட்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை இருக்கிறது. அங்கே ஆச்சா மரத்தில் செய்யும் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நாள்பட்ட ஆச்சாக் கட்டையைத் தேடி வாங்குவார்கள். மரம் ஏன் பழையதாக இருக்க வேண்டும் என்பதும் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விதான்.

இதெல்லாம் பலிக்க வேண்டுமானால் முதல் நாள் பூவரச இலையில் பீப்பி செய்ய வையுங்கள். கொழுந்தும் வேண்டாம், முற்றியதும் வேண்டாம், நடுத்தர இலை. காம்பைக் கிள்ளிவிட்டு ஓரத்திலிருந்து பென்சில் கனத்துக்கு இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை விரலால் தட்டையாக நசுக்கி ஊத வேண்டும். வெறும் காற்று வந்தால் நசுக்கியது போதவில்லை. காற்றே போகாவிட்டால் அதிகமாக நசுக்கியாயிற்று. பக்கவாட்டில் காற்று கசிந்தால் சுருட்டல் தளர்ந்திருக்கிறது. சத்தம் வந்ததும் மறுமுனையிலிருந்து ஒரு செ.மீ., ஒரு செ.மீ. ஆக வெட்டிக்கொண்டே ஊதினால் ஓசை ஏறிக்கொண்டே போவதைக் கேட்பார்கள். பீப்பி ஊதிய பிள்ளைக்கு மறுநாள் சீவாளியைப் பார்த்ததும் "இதுவும் அதுதானே!" என்று பிடிபட்டுவிடும். உடன் தவில்காரரும் வந்தால் இன்னும் நல்லது. அவர் இடக்கையில் பிடிக்கும் குச்சியும் பூவரசில் செய்வதுதான்.

முகூர்த்த நாளில் அழைக்காதீர்கள், அவர் பிழைப்பு கெடும். போக்குவரத்துச் செலவையும் ஒரு சிறு சன்மானத்தையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முன்பே ஒதுக்கி வையுங்கள். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புவது முறையில்லை.

ஐந்தாம் வகுப்பு, 42 பிள்ளைகள். ஒரே நாளில் முக்கொம்பு, கல்லணை, பெரிய கோயில், சரசுவதி மகால் நான்கும் பார்த்துவரத் திட்டம். நேரம் போதுமா?
– ஆசிரியர், மன்னார்குடி வட்டம்

பேருந்துக்குப் போதும், பிள்ளைகளுக்குப் போதாது. நான்கு இடம் என்றால் ஏறுவதும் இறங்குவதும் தலை எண்ணுவதுமே நாளைத் தின்றுவிடும். கல்லணையும் பெரிய கோயிலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கல்லணைக்குக் காலையில் போய்விடுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்புக்கு ஒரு அரைநாள் கூட்டிப் போங்கள். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் இடம். உங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கும் பாமணி அங்கிருந்துதான் வருகிறது. வெண்ணாறோ கல்லணையில் பிரிகிறது. தன் ஊர் வாய்க்காலில் தொடங்கி மேலே மேலே போய்க் கல்லணையில் முடிவதுதான் பிள்ளைக்குப் புரியும் வரிசை. நேரே கல்லணையில் கொண்டுபோய் இறக்கினால் யானைச் சிலையும் பூங்காவும்தான் நினைவில் நிற்கும்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு பள்ளி மைதானத்தில் மணல் மாதிரி செய்யுங்கள். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத் தார்ப்பாயில் நாலு அங்குலம் மணல் பரப்பி, தலைப்பக்கத்தில் அடியில் இரண்டு செங்கல் வையுங்கள். சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் குளமாய் நின்றுவிடும். விரலால் ஒரு ஆறும் நான்கு கிளையும் கீறி, ஓட்டுச் சில்லுகளை ஷட்டராகச் செருகுங்கள். தண்ணீரைப் பூவாளியால் ஊற்றுங்கள். வாளியால் கொட்டினால் கரையெல்லாம் உடைந்து ஓடும். ஒரு சில்லை மூடினால் மற்றக் கிளைகளில் நீர் ஏறும். பிறகு தண்ணீரில் இரண்டு கைப்பிடி வண்டலைக் கரைத்து ஊற்றுங்கள். ஓட்டம் தளரும் இடத்தில் வண்டல் படியும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியில் இதுதான் நடந்தது: படுகை மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிக்கட்டத்தான் 1830-களில் ஆர்தர் காட்டன், கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் மேலணை கட்டினார். கல்லணை கரிகாலன் கட்டியது என்பதோடு பாடத்தை நிறுத்திவிடாதீர்கள். கட்டிய பிறகு அதை எப்படிக் காப்பாற்றி வந்தார்கள் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

கல்லணைப் பயணத்தில் ஒரே ஒரு அளவு எடுக்க வையுங்கள். தடுப்புச் சுவர் உள்ள பாதுகாப்பான வாய்க்கால் பாலமாகப் பாருங்கள். கரையில் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு பெரியவர்கள் நிற்கட்டும். பாலத்திலிருந்து ஆசிரியர் ஒரு இலையைப் போட, அது முதல் ஆளைக் கடந்ததிலிருந்து இரண்டாம் ஆளைக் கடக்கும் வரை பிள்ளைகள் பாலத்தில் நின்றபடியே நொடி எண்ணட்டும். 25 நொடி என்றால் நொடிக்கு 0.8 மீட்டர். மூன்று முறை செய்து சராசரி பார்க்கட்டும். ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர் அங்கே இருந்தால் அவரிடம் இரண்டு கேள்வி கேட்க வையுங்கள். அதைவிட நல்ல விருந்தினர் கிடைக்கமாட்டார்.

படித்துறையில் ஒருவரும் இறங்கக் கூடாது, கால் நனைக்கவும் கூடாது. மேலே ஷட்டர் திறந்தால் நீர்மட்டம் சட்டென்று ஏறும். ஏழு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வீதம் ஆறு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் கையில் ஒரு நிற நாடா. அணைமேல் வண்டிகள் போகும், ஒற்றை வரிசையில் ஓரமாக நடக்க வேண்டும். முன்னதாக ஒரு ஆசிரியர் போய்க் கழிப்பறை திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்து வரட்டும். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. மதியத்துக்குப் புளிசாதம் தாங்கும், தேங்காய்ச் சட்னி தாங்காது.

கைவேலை வகுப்பில் தலையாட்டி பொம்மை செய்தோம். முப்பதில் ஐந்துதான் நிமிர்ந்தன, மற்றவை சாய்ந்தே கிடக்கின்றன. எங்கே தவறு?
– கைத்தொழில் ஆசிரியை, தஞ்சாவூர்

எடை இருக்கும் இடத்தில். பொம்மையின் அடி அரை உருண்டை. பொம்மை முழுவதின் எடைமையம் அந்த அரை உருண்டையின் விளிம்பு மட்டத்துக்குக் கீழே இருந்தால் எப்படிச் சாய்த்தாலும் எழும். விளிம்புக்கு மேலே போய்விட்டால் விழுந்தது விழுந்ததுதான்.

8 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் பந்தைப் பாதியாக அறுத்துக்கொண்டால் (அறுப்பது பெரியவர் வேலை) கணக்கு இப்படி வரும்: அடியில் 150 கிராம் மண், மேலே காகித உடம்பும் தலையும் சேர்ந்து 30 கிராம், உயரம் 12 செ.மீ.க்குள். மேல்பாகம் 60 கிராம் ஆனால் பெரும்பாலும் சாயும். பிள்ளைகள் தலையை அழகாக்கக் காகிதக் கூழை அப்பிக்கொண்டே போவார்கள், கொண்டை வேறு வைப்பார்கள். அங்கேதான் கெடும். மளிகைக் கடைத் தராசு ஒன்றை மேசையில் வைத்து, ஒட்டுமுன் மேல்பாகத்தை எடை போட வையுங்கள். மண்ணும் விளிம்புக்கு மேல் ஏறக் கூடாது.

நிமிர்ந்த பொம்மையும் நான்கு நாளில் சாய்வதுண்டு. ஈர மண் காய்ந்து சுருங்கி, பந்தின் ஓட்டிலிருந்து கழன்று உள்ளே உருளும். காதோரம் வைத்து ஆட்டினால் கடகடவென்று கேட்கும். மூன்று பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு ஆற்று மணல் சேர்த்துப் பிசைந்தால் சுருக்கம் குறையும். ஓட்டின் உட்புறம் பசை தடவிவிட்டு மண்ணை அழுத்துங்கள். நிழலில் மூன்று நாள் காய வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். கூழ் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். மாசி, பங்குனிதான் தோது.

கூழுக்குச் செய்தித்தாளைக் கிழித்து ஓர் இரவு ஊற வைத்து இடித்து, காய்ச்சிய மைதாப் பசையில் பிசைய வேண்டும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் கூழில் ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

சாய்ந்த இருபத்தைந்தையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தலையைக் கழற்றி எடை போட்டு, எவ்வளவு குறைத்தால் எழும் என்று அந்தந்தப் பிள்ளையையே கண்டுபிடிக்க விடுங்கள். எழுந்த ஐந்தைவிட அதில்தான் பாடம் அதிகம்.

வடுவூர் ஏரிக்கு மூன்றாம் வகுப்பைக் கூட்டிப்போக எந்த மாதம் நல்லது?
– பெற்றோர், ஒரத்தநாடு

ஜனவரி. வலசைப் பறவைகள் இருக்கும், அடைமழை ஓய்ந்திருக்கும். காலை எட்டு மணிக்குள் கரையில் இருங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். பத்துப் பறவைப் பெயர் ஒப்பிப்பதைவிட, ஒரே ஒரு பறவையைப் பதினைந்து நிமிடம் விடாமல் பார்த்து அது என்னென்ன செய்கிறது என்று குறிக்கச் சொல்வது அந்த வயதுக்குப் பொருத்தம்.

அனுமதி, பணம் இவற்றை எப்படிக் கையாள்வது?
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், திருத்துறைப்பூண்டி

பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல், தலைமை ஆசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலர் அனுமதி, போகும் இடத்துத் துறைக்கு ஒரு கடிதம் இவை எழுத்தில் இருக்கட்டும். வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பட்டியலும் மருந்தும் ஒரே ஆசிரியரிடம் இருக்க வேண்டும். பணம் கட்ட முடியாமல் ஒரு பிள்ளை வீட்டில் தங்கிவிடும் நிலை வந்தால், தூரத்தைக் குறைத்துச் செலவில்லாத இடத்துக்கு எல்லோருமாகப் போங்கள்.

போய்வந்த பிறகு கட்டுரை எழுதச் சொன்னால் எல்லோரும் "மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது" என்றே எழுதுகிறார்கள்.
– ஆசிரியை, சீர்காழி

கட்டுரையைக் கேட்காதீர்கள். "அங்கே பார்த்த ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக வரை, நான்கு பாகத்துக்குப் பெயர் எழுது" என்று சொல்லுங்கள். அல்லது, கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வியை எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவதற்குக் காரணம், பயணம் முடிந்த பிறகு கேட்பதுதான். போவதற்கு முன்பே ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட வேண்டும்: ஒருத்தி படிகளை எண்ணுவாள், ஒருவன் கதவின் தாழ்ப்பாளை வரைவான், இன்னொருத்தி அங்கே வேலை செய்பவர்கள் சொல்லும் ஐந்து புதுச் சொற்களைக் குறித்துவருவாள்.

இன்னொன்று, விருந்தினராக வந்தவருக்குப் பிள்ளைகள் கடிதம் எழுதட்டும். நன்றி ஒரு வரி போதும். மிச்சமெல்லாம் அவர் சொன்னதில் தனக்குப் புரியாமல் போனது. அதைத் தபாலில் அனுப்பாமல் இரண்டு பிள்ளைகளோடு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் வீட்டுத் திண்ணையிலேயே அடுத்த பாடம் நடந்துவிடும்.