பின்னாடி ஆடுது, எந்த பேரிங் போச்சு? ஏடிவி கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஏடிவியோட, அதாவது மணல், சேறுன்னு எங்கயும் ஓடுற நாலு சக்கர வண்டியோட, பின் சஸ்பென்ஷன் பத்திதான். மழை முடிஞ்சு எல்லாரும் வண்டிய வெளிய எடுத்திருக்கீங்க போல. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் சேத்து பதில் சொல்லிடுறேன்.

கேள்வி: பீச் ரிசார்ட்ல ஓடுற வண்டி, பின்னாடி ஒரே ஆக்ஸில். வளைவுல பின்பக்கம் தனியா இழுக்குது, பிரேக் பிடிச்சா டொக்குனு ஒரு சத்தம். ஆக்ஸில் பேரிங் மாத்தியாச்சு, சத்தம் போகல.

ஆட்டம் எங்க இருக்குன்னு கையால பாக்காம பேரிங் வாங்கக் கூடாது தம்பி. முன் சக்கரத்துக்கு கட்டை வெச்சுட்டு, சேஸிஸ்க்கு அடியில ஜாக்கி குடுத்து பின் சக்கரம் ரெண்டையும் தரையில படாம தூக்குங்க. இப்போ டயர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. சக்கரம் மட்டும் ஆடி ஆக்ஸில் ஆடலைன்னா ஹப் (சக்கரத்த ஆக்ஸில்ல பிடிச்சிருக்கிற நடுத்துண்டு) நட்டு லூசு, இல்ல ஹப் உள்பல்லு தேஞ்சிருக்கு. ஆக்ஸிலும் சேந்து ஆடி ஸ்விங் ஆர்ம் (ஆக்ஸில சேஸிஸோட சேக்குற, மேல கீழ ஆடுற கை) அசையாம நின்னா ஆக்ஸில் பேரிங். அடுத்து ஸ்விங் ஆர்மோட பின் நுனிய பிடிச்சு இடம் வலமா தள்ளுங்க, இன்னொரு கை விரல சேஸிஸும் ஆர்மும் சேர்ற இடுக்குல வெச்சுக்கோங்க, அங்க விரல்ல இடிக்குதுன்னா பிவட் பேரிங்தான், சந்தேகமே வேண்டாம். கடைசியா ஆக்ஸில மெதுவா மேல தூக்கிப் பாருங்க, ஷாக் அப்சர்பர் அசையுறதுக்கு முன்னாடியே கொஞ்சம் சும்மா தூக்க வருதுன்னா லிங்க் (ஷாக்கையும் ஸ்விங் ஆர்மையும் சேக்குற இணைப்பு) பேரிங்கோ ஷாக்கோட கண் பேரிங்கோ போச்சு. நீங்க சொல்ற இழுவைய பாத்தா எனக்கு பிவட் மேலதான் கண்ணு போகுது.

கேள்வி: பிவட் பேரிங் புதுசு போட்டு 4 மாசம்தான் ஆச்சு, மறுபடி ஆட்டம். டூப்ளிகேட் பேரிங்கா இருக்குமா?

இருக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன், பேரிங்குக்கு உள்ள இருக்கிற காலர (பிவட் போல்ட் நுழையுற இரும்புக் குழாய) மாத்தினீங்களா? நிறைய பேர் இங்கதான் விட்டுடுறாங்க, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. சக்கரத்துல இருக்கிற பேரிங் முழுசா சுத்தும், பிவட்ல இருக்கிற ஊசி ரோலர் பேரிங் அப்படி இல்ல, சில டிகிரி முன்ன பின்ன ஆடும் அவ்ளோதான். அதனால ஒவ்வொரு ரோலரும் வருஷக்கணக்கா காலர்ல ஒரே இடத்துல அடிச்சிட்டே இருக்கு, கிரீஸும் அந்த இடத்த விட்டு ஒதுங்கிடும், அப்புறம் தண்ணி ஏறுனா துரு. காலர வெளிய எடுத்து துணியால துடைச்சு, நகத்த அது மேல குறுக்க ஓட்டிப் பாருங்க. சின்ன சின்னதா பள்ளம் வரிசையா நகத்துல தட்டும், சில காலர்ல ரோலர் அளவுக்கு கருப்பு கோடு கோடா கண்ணுக்கே தெரியும். அப்படி கோடு விழுந்த காலர் மேல புது பேரிங் ஏத்துனா புது ரோலர் அந்தப் பள்ளத்துலயே உக்காந்து உடையும், 4 மாசம் தாங்கினதே பெருசு. பேரிங், காலர், ஆயில் சீல் மூணும் சேந்து ஒரு செட்டு, ரெண்டு பக்கமும் மாத்துங்க.

இன்னொன்னு, வாட்டர் சர்வீஸ். பிரஷர் கன்ன நேரா பிவட்ல காட்டினா சீல் உதட்ட தாண்டி தண்ணி உள்ள போயிடும், போனது திரும்ப வராது. உப்புக் காத்துல, கடல் தண்ணில ஓடுற வண்டின்னா சாதா குழாய்ல நல்ல தண்ணி விட்டு கழுவுங்க போதும். கிரீஸும் தண்ணிக்கு தாங்குறதா போடணும், கால்சியம் சல்ஃபனேட் கிரீஸ் கெடச்சா அதுதான் நம்ம கடலோர வண்டிக்கு சரி. கெடைக்கலைன்னா நல்ல லித்தியம் கிரீஸ் போட்டுட்டு அடிக்கடி பிரிச்சு பாருங்க.

கேள்வி: பிவட் போல்ட் வரவே மாட்டேங்குது. சுத்தியல்ல அடிச்சு மரை நசுங்கிடுச்சு.

அடிக்கிறதுக்கு முன்னாடி பாரத்த எடுத்தீங்களா? ஸ்விங் ஆர்ம் போல்ட்ல தொங்கிட்டு இருந்தா அது வராது. ஆர்முக்கு அடியில தனியா ஒரு ஜாக்கி குடுத்து லேசா ஏத்தி இறக்கி, போல்ட் சும்மா இருக்கிற உயரத்த கண்டுபிடிங்க. துரு இளக்குற ஆயில ராத்திரியே அடிச்சு ஊற விடுங்க, காலைல தலைப்பக்கம் ஸ்பேனர் போட்டு முதல்ல சுத்தப் பாருங்க, சுத்திடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது. அடிச்சே ஆகணும்னா நட்ட போல்ட் நுனிக்கு சமமா ஏத்தி வெச்சு, பித்தளைக் கம்பிய நடுவுல குடுத்து அடிங்க. எதுக்கும் அசையலைன்னா ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ரம்பம் விட்டு அறுக்கிறதுதான், போல்ட் போனாலும் சேஸிஸ் பொழைச்சுடும்.

கேள்வி: ஊசி பேரிங்க எப்படி உள்ள இறக்குறது? பிரஸ் கிடையாது.

பிரஸ் வேண்டாம். நீளமான மரை போட்ட ராடு, ரெண்டு நட்டு, தடியான வாஷர், பேரிங்கோட வெளி விட்டத்த விட ஒரு நூல் சின்னதா ஒரு சாக்கெட், இது போதும். பழசு எவ்ளோ ஆழத்துல இருந்துச்சுன்னு கழட்டுறதுக்கு முன்னாடியே வெர்னியர்ல அளந்து எழுதி வெச்சுக்கோங்க, ஏன்னா சீல் உக்கார இடம் அதுலதான் இருக்கு. புது பேரிங்க ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சுடுங்க. அலுமினிய ஆர்ம்னா ரப்பர், சீல் எல்லாம் கழட்டிட்டு ஹீட் கன்ல சூடு பண்ணுங்க, ஒரு சொட்டு தண்ணி விட்டா சொர்ர்னு ஆவியாகுற அளவுக்கு. அலுமினியம் இரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனாலதான் நட்ட திருக திருக பேரிங் தானா இறங்கும். ஷாக் அப்சர்பர மட்டும் சூடு பண்ணவே கூடாது, உள்ள பிரஷர்ல கேஸ் இருக்கும், அத முதல்லயே கழட்டி தூர வெச்சுடுங்க.

மெல்லிசு தகட்டுல செஞ்ச ஊசி பேரிங்ல நம்பர் அச்சடிச்ச பக்கம் ஒண்ணு இருக்கும், அந்தப் பக்கத்துலதான் அமுக்கணும். எனக்கு இத ஆரம்பத்துல யாரும் சொல்லித் தரல, மறுபக்கம் அமுக்கி உதட்ட மடக்கி ஒரு புது பேரிங்க வீணாக்கியிருக்கேன். லிங்க்ல சிலது கூண்டு இல்லாத ஊசியா வரும், காலர உருவுனதும் பொலபொலன்னு கொட்டிடும், அதனால கீழ ஒரு தட்டு வெச்சுட்டு கழட்டி ஊசிய எண்ணிக்கோங்க. திரும்ப போடும்போது கிரீஸ தடவி ஒட்ட வெச்சு அடுக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் மத்தது சாஞ்சு மாட்டிக்கும்.

கேள்வி: எஸ்டேட்ல போலாரிஸ் வண்டி, பின்னாடி ரெண்டு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன். ஏ-ஆர்ம்ல (சக்கரத்த சேஸிஸோட சேக்குற ஏ வடிவக் கை) பேரிங்கே காணோமே?

அதுல ஊசி பேரிங் எதிர்பாக்காதீங்க, பிளாஸ்டிக் புஷ்ஷும் நடுவுல இரும்பு ஸ்லீவும்தான். சேறுலயே ஓடுனா புஷ் தேயும். வெண்கல புஷ் போடலாம், நல்லா உழைக்கும், ஆனா கிரீஸ் விடாம காய விட்டா ஸ்லீவ கடிச்சுடும். வாராவாரம் கிரீஸ் கன் எடுக்க ஆள் இருந்தா வெண்கலம், இல்லைன்னா கம்பெனி பிளாஸ்டிக்கே போதும்.

கேள்வி: ஆக்ஸில் பேரிங்க லோக்கல் கடைல வாங்கலாமா?

தாராளமா. பால் பேரிங்ல நம்பர்தான் அளவு, 6205னா உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர், எந்த கம்பெனின்னாலும் அதே. ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கிற 2ஆர்எஸ் கேட்டு வாங்குங்க, தகடு மூடின இசட்இசட் தண்ணிய தடுக்காது. ஹவுசிங்ல இறக்கும்போது வெளி வளையத்துல மட்டும் அமுக்குங்க, உள் வளையத்துல அமுக்குனா அடி நேரா பால்ல இறங்கி புதுசுலயே பள்ளம் விழும். ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல இருக்கிற ஸ்பேசர மறந்துடாதீங்க, அது இல்லாம நட்ட இறுக்குனா ரெண்டும் பக்கவாட்டுல நெரிபட்டு சூடாகி சீக்கிரமே கத்த ஆரம்பிச்சுடும்.