எலிசபெத் காலத்து சிக்ஸ்பென்ஸ் (ஆறு பென்ஸ் வெள்ளிக் காசு) ஏன் கோணலா இருக்கு, போலியா?

கோணலா இருக்குறதாலயே போலின்னு முடிவு பண்ணிடாதீங்க, சொல்லப்போனா அந்தக் காலத்துக் காசு கச்சிதமான வட்டமா இருந்தாத்தான் எனக்கு சந்தேகம் வரும். முதலாம் எலிசபெத் ராணி காலத்துல இங்கிலாந்துல காசெல்லாம் பெரும்பாலும் கையால அடிச்சதுதான். ஒரு அச்சை மரக்கட்டையில ஆணி மாதிரி இறக்கி வெச்சுடுவாங்க, அது மேல வெட்டி வெச்ச வெள்ளித் தகடு, அதுக்கு மேல இன்னொரு அச்சை கையில பிடிச்சுக்கிட்டு சுத்தியலால ஓங்கி ஒரே போடு. கை லேசா நகர்ந்தாலும் ராணி முகம் ஒரு பக்கமா ஒதுங்கிடும், எழுத்து பாதி தகட்டுக்கு வெளிய போயிடும். தகட்டைச் சுத்திப் பிடிக்க வளையம் எதுவும் இல்லாததால ஓரமும் இஷ்டத்துக்கு விரியும்.

இன்னொரு காரணம் திருட்டு. காசோட மதிப்பே அதுல இருக்குற வெள்ளிதான், அதனால ஓரத்தை கொஞ்சம் கொஞ்சமா நறுக்கி வெள்ளியை சேர்த்து வெச்சுக்கிட்டு காசை முழு மதிப்புக்கே தள்ளிவிட்டாங்க, மாட்டினா ராஜதுரோகம்னு மரண தண்டனை, அப்பவும் நிக்கல! நறுக்கினா தெரிஞ்சிடணும்னு 1662ல இருந்து மெஷின்ல ஓரத்துக்கும் டிசைன் போட்டு அடிச்சாங்க, 1696ல பழைய காசையெல்லாம் திரும்ப வாங்கி உருக்க ஆரம்பிச்சாங்க.

உங்க காசுல தலைக்குப் பின்னாடி குட்டி ரோஜா, மறுபக்கம் கேடயத்துக்கு மேல வருஷம் இருக்கான்னு பாருங்க. முழு எடை கிட்டத்தட்ட 3 கிராம். கொஞ்சம் குறைஞ்சா பயப்படாதீங்க, யாரோ நறுக்கியிருப்பான்.