புத்தக வாரம்: நட்சத்திர அட்டையை விட்டுவிடுங்கள்

இரண்டாம் வகுப்பில் 30 பிள்ளைகள், பாதிப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள், புத்தக வாரம் வைத்தால் அவர்கள் ஒதுங்கிவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். போட்டி வைத்தால் கண்டிப்பாக ஒதுங்குவார்கள். யார் அதிகம் படித்தார்கள் என்று சுவரில் நட்சத்திரம் ஒட்டினால், ஏற்கெனவே படிக்கிற நாலு பேர்தான் ஜெயிப்பார்கள், மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு முடித்துவிட்டேன் என்பார்கள் (ஒரு வருடம் ஒட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்).

தினமும் 15 நிமிடம் நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கும் காதால் கேட்டால் கதை நன்றாகப் புரியும். பக்கம் திருப்பும் முன் ஒரு நொடி நிறுத்துங்கள், பின்வரிசையில் பென்சில் சீவிக்கொண்டிருப்பவன்கூட கழுத்தை நீட்டுவான். அதே புத்தகத்தையே மறுநாளும் எடுங்கள். மூன்றாம் நாள் திரும்பத் திரும்ப வருகிற வரியை அவர்களே கத்துவார்கள், அப்போது அந்த வரியின் மேல் விரலை ஓட்டிக் காட்டுங்கள்.

அப்புறம், ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் 8 பக்கக் குட்டிப் புத்தகம் கிடைக்கும். அவர்கள் படம் வரைந்து கதை சொல்லட்டும், நீங்கள் கீழே எழுதிக் கொடுங்கள். தான் சொன்ன வாக்கியம் என்பதால் தடுமாறாமல் படிப்பார்கள். அட்டையில் அவரவர் பெயர் இருக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

ஏப்ரல் 2 சர்வதேசக் குழந்தைகள் புத்தக தினம், தோதுப்பட்டால் அன்று ஆரம்பிக்கலாம். கதையில் வருகிறவர்கள் மாதிரி மாறுவேடம் போடலாமா? வகுப்பிலேயே செய்கிற காகித முகமூடி என்றால் சரி, அதற்கு மேல் போனால் அது பெற்றோருக்கு வீட்டுப்பாடம்.